பச்சை முதுகில் வெள்ளை ஏழு

அத்தியாயம் 14

அலியாருக்கு வாய் சும்மா இராது என்பது எருக்கலம்பிட்டியில் நேற்றுப் பிறந்த குழந்தைக்கும் தெரியும். அந்த வாய் போன வாரம் பார்த்த வேலையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பசுந்தீவு விளையாட்டுக் கழகத்தின் கூட்டத்தில் சட்டென்று எழுந்து, "இந்த முறை இறுதிப் போட்டிக்கு எங்கட பொடியன்மாரின்ட ஜேர்சியில ஏறப்போறது என்ட மகள்ட எழுத்து" என்று அறிவித்துவிட்டுத்தான் மனுஷன் கதிரையில் அமர்ந்தார். கூட்டத்துக்குப் போகும்வரை அப்படியொரு எண்ணம் அவருக்கே இருக்கவில்லை.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான். ஆனால் அலியாரின் குஞ்சு உண்மையிலேயே பொன்தான் என்று சொல்ல வேண்டும்.

மகள் பஸ்மினா கொழும்பில் வடிவமைப்புப் படித்துவிட்டு வந்து, வேலைக்கும் போகாமல், அறைக்குள் கம்பியூட்டருக்கு முன்னால் இருந்து புதிதாக ஓர் எழுத்துருவைச் செய்துகொண்டிருந்தாள். "அ, ஆ எல்லாம் ஏற்கெனவே இருக்குது. இவள் என்னத்தைப் புதுசா எழுதுறாள்?" என்று உம்மா ஸுஹறா கேட்காத நாளில்லை. ஒருநாள் பஸ்மினா ஒரே ஒரு சொல்லைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்து காட்டினாள். அதற்குப் பிறகு ஸுஹறா கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அந்த எழுத்துக்குத் தண்டு தடித்து நிற்கும், அடியில் பாதம் விரிந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும், பள்ளிமுனையில் யானைபோல் பருத்து நிற்கிற பெருக்க மரம் மாதிரி. தடித்த கோட்டுக்கு நடுவே மயிரிழைபோல் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். வளைவுகளின் முனையில் சின்னச் சுருள் ஒன்று இருக்கும். 'பெருக்கு' என்றே அதற்குப் பெயரும் வைத்திருந்தாள். கடைப் பலகைக்கும் கலியாணக் கார்ட்டின் தலைப்புக்கும் என்று செய்த எழுத்து அது. அலியார் அந்த முதல் சொல்லைப் பறித்துக்கொண்டுபோய்த் தன் மீன் லொறியின் நெற்றியில் ஒட்டிவிட்டார். சொல் வேறொன்றுமில்லை, 'ஸுஹறா' என்பதுதான். "பேசாலையில இருந்து கொழும்பு மட்டும் என்ட பேரைக் கொண்டு திரியிறார், வெக்கங்கெட்ட மனுஷன்" என்று அவள் திட்டுவாள். திட்டிவிட்டு, லொறி மூலை திரும்பும்வரை வாசலில் நின்று பார்ப்பாள்.

இன்று உதைபந்தாட்ட இறுதிப் போட்டி நாள்.

அலியார் காலையிலேயே லொறியைக் கழுவிக்கொண்டிருந்தார். மைதானத்துக்குப் போகும்போது லொறியும் மாப்பிள்ளை மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? நெற்றியிலிருந்த பெயரை ஈரத்துணியால் பதமாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கழகச் செயலாளர் அப்துல் றசாக்.

"காக்கா, ரெஃப்ரி ஜேர்சியைப் பாத்திட்டார்."

"என்னவாம்? வடிவாமோ?"

"நெஞ்சில இருக்கிற கழகத்தின்ட பேர் நல்ல வடிவாம். முதுகில இருக்கிற இலக்கம்தான் ஒண்டும் தெரியேல்லையாம்."

அலியாரின் கை நின்றது.

"கோல் கம்பத்தில ஒரு ஜேர்சியைத் தொங்கவிட்டு, நடுக்கோட்டில நிண்டு பாத்தார் காக்கா. முதுகில ஏதோ பூக்கொடி படர்ந்த மாதிரி இருக்கெண்டு சொல்றார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முதல் இலக்கம் தெரியிற மாதிரி மாத்தவேணும். இல்லாட்டிப் போன வருஷத்துப் பழைய ஜேர்சியோட இறங்கட்டாம். நான் அண்டைக்கே சொன்னனான், கொழும்பில ஆயத்தமாக் கிடக்கிற இலக்கத்தை வாங்கி ஒட்டுவம் எண்டு. நீங்கதானே எழும்பி நிண்டு…"

மிச்சத்தை அலியார் கேட்கவில்லை. கையிலிருந்த ஈரத்துணியை விரித்துப் பார்த்தார். போன வருஷத்துப் பழைய ஜேர்சிகளில் ஒன்று அதுதான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நெஞ்சில் போடும் கழகத்தின் பெயரைத்தான் பஸ்மினா எழுதிக் கொடுத்திருந்தாள். இலக்கத்தைப் பற்றி அவளிடம் எவரும் வாய் திறக்கவில்லை. "முதுகிலயும் இவளின்ட இலக்கமே நிக்கட்டும், மைதானத்தில பாத்துத் திகைச்சுப்போவாள்" என்று திட்டம் போட்டது வாப்பாவும் மகனும். வீட்டின் முன்னறைதான் மகன் பைசர் பனர் அச்சடிக்கிற கடை. தங்கச்சி இல்லாத நேரம் பார்த்து அவளது கம்பியூட்டரிலிருந்து இலக்கங்களை எடுத்து, வெட்டி, ஒட்டி, ஜேர்சிகளைக் கழகத்துக்கு அனுப்பியும் வைத்துவிட்டான். அன்பு மிஞ்சினால் புத்தி கொஞ்சம் பின்னால்தான் வரும்.

அலியார் உள்ளே போனார். பஸ்மினா புட்டும் மீன் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"மகள், இந்த ரெஃப்ரிமாருக்கு இப்ப கண் பார்வை குறைஞ்சுபோச்சு போல."

"ஏன் வாப்பா?"

"இல்ல, இலக்கம் தெரியேல்லையாம்."

"என்ன இலக்கம்?"

அலியார் பைசரைப் பார்த்தார். பைசர் சுவரைப் பார்த்தான். கடைசியில் பைசர்தான் சொன்னான்.

"உன்ட கம்பியூட்டரில இருந்துதான் எடுத்தனாங்கள். 'சோதனை' எண்டு ஒரு பெட்டிக்குள்ள கிடந்தது."

பஸ்மினா கத்தவில்லை. கத்தியிருந்தால் அலியாருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து கை கழுவினாள்.

"பைசர் நானா, அது இன்னும் முடியாத வேலை. முடிஞ்சிருந்தாலும் அது நிண்டு பாக்கிற எழுத்து. கலியாணக் கார்ட்டைக் கையில வச்சுப் பாக்கிறம், கடைப் பலகைக்கு முன்னால நிண்டு பாக்கிறம். ஓடுற ஆளின்ட முதுகில, அவ்வளவு தூரத்தில, அந்தச் சுருளும் உள்கோடும் ஒண்டோட ஒண்டு அப்பிப் போகும். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"நீ சந்தோசப்படுவாய் எண்டுதான் மகள்…"

"லொறியில இருக்கிற ஒரு சொல்லைத் தவிர, சனம் இந்த எழுத்தை முதல்முதல் பாக்கப்போறது இண்டைக்கு வாப்பா. 'அலியார்ட மகள்ட எழுத்தால எங்கட பொடியன்மார் பழந்துணியோட இறங்கினவங்கள்' எண்டுதான் இனி ஊர் சொல்லும். பிறகு நான் எவ்வளவு வடிவாச் செய்தாலும் அந்தப் பேர் போகாது."

வாழ்க்கையில் அலியார் பெருமையடிக்காத நாளில்லை. தன் பெருமை மகளின் தலையில் வந்து விழும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

"நான் றசாக்கிட்டப் போய்ச் சொல்றன். பிழை என்னோடது. பழைய ஜேர்சியோடயே விளையாடட்டும்."

"பழைய ஜேர்சி எல்லாம் இருக்குதோ?"

அலியார் ஈரத்துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். அதிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. ஸுஹறா குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ்மினாவுக்கு அந்தக் கோபத்துக்குள்ளும் சிரிப்பு வந்துவிட்டது. அதை விழுங்கிக்கொண்டு சொன்னாள்: "போய் ஜேர்சி எல்லாத்தையும் திருப்பிக் கொண்டு வாங்கோ. நான் இலக்கத்தைப் புதுசாச் செய்யிறன். ஆனா ரெண்டு பேரும் ஒரு சத்தியம் பண்ணவேணும். இனிமேல் என்னைக் கேக்காம என்ட எழுத்து ஒண்டும் இந்த வீட்டு வாசலைத் தாண்டக்கூடாது."

"வல்லாஹி" என்றார் அலியார் உடனே.

பைசர் தொண்டையைச் செருமினான். "இனிமேல் எண்டா… இண்டையில இருந்துதானே?"

"வேற எண்டையில இருந்து?"

"இல்ல, சும்மா கேட்டனான். சத்தியம்."

ஸுஹறா மகனை ஒரு பார்வை பார்த்தாள். கொஞ்ச நாளாகவே அவளுக்கு இவன்மேல் ஒரு கண். சிலாவத்துறைக்குப் பனர் கொண்டுபோகிறேன் என்று அடிக்கடி மோட்டார் சைக்கிளை எடுக்கிறான். பனர் கொண்டுபோகிறவன் எதற்கு அத்தர் பூசிக்கொண்டு போகிறான்? ஆனால் இன்று அதைக் கேட்க நேரமில்லை.

அலியார் ஜேர்சிகளோடு திரும்பி வந்தபோது பஸ்மினா வேலையைத் தொடங்கியிருந்தாள். முதலில் உள்கோட்டை எடுத்தாள். பிறகு சுருள்களை ஒவ்வொன்றாகக் கத்தரித்தாள். எட்டின் வயிற்றைத் திறந்தாள். மூன்றின் வாயை அகட்டினாள். மெல்லிய கோடுகளுக்குச் சதை போட்டாள். பாதங்களை மட்டும் விடவில்லை. "அதையும் வெட்டினா இது என்ட எழுத்தில்ல, கொழும்பு இலக்கம்" என்றாள்.

"வாப்பா, வாசலால போற ஒழுங்கைப் பாதையின்ட கடைசியில, அந்த முருங்கையடியில போய் நில்லுங்கோ. நான் காட்டுற இலக்கம் என்னெண்டு சொல்லுங்கோ."

அலியார் போய் நின்றார். பஸ்மினா பச்சையில் வெள்ளை இலக்கம் அச்சடித்த ஒரு தாளை உயர்த்தினாள்.

"மூண்டு!" என்று கூவினார் அலியார். "மாஷா அல்லாஹ், பளிச்செண்டு தெரியுது!"

அடுத்த தாள்.

"எட்டு! கண்ணில குத்துது மகள்!"

பஸ்மினா தாளை இறக்கிவிட்டு ஒழுங்கை நெடுக நடந்து அவரிடம் வந்தாள்.

"வாப்பா, உண்மையாத் தெரிஞ்சதோ?"

"தெரிஞ்சதே."

அவள் தாளைத் திருப்பிக் காட்டினாள். அது ஆறு.

மூன்றையும் எட்டையும் அவள் அச்சடிக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்தவர் அலியார். அடுத்து வருவது எட்டுத்தான் என்று துணிந்து கூவிவிட்டார். இரண்டு தாளிலும் அவர் கண்டது, பச்சைக்கு நடுவில் ஏதோ வெள்ளையாக நின்றதை மட்டும்தான்.

"வாப்பா, நீங்க தெரியுது எண்டு சொன்னா நான் இதோட நிப்பாட்டிப்போடுவன்" என்றாள் பஸ்மினா. குரலில் கோபமில்லை. "பிறகு ஒரு மைதானம் நிறையச் சனத்துக்கு முன்னால ரெஃப்ரி தெரியேல்லை எண்டுவார். அதை நீங்களே இங்க வச்சுச் சொல்லுங்கோ. நீங்க சொன்னா எனக்கு நோகாது."

மகள் முதல் எழுத்தைச் சுவரில் கரியால் கிறுக்கிய நாள் முதல் 'நல்லம், நல்லம்' என்பதைத் தவிர வேறொன்றும் அலியார் அவளிடம் சொன்னதில்லை. அதுதான் பாசம் என்று நினைத்திருந்தார். இப்போது அந்த முருங்கையடியில் நின்றபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடு கண்ணைக் கசக்கிக்கொண்டு, ஒழுங்கையின் மறு முனையைப் பார்த்தார்.

அடுத்த தாள் உயர்ந்தது.

"தெரியேல்லை!"

பஸ்மினா தலையசைத்துவிட்டு உள்ளே ஓடினாள். திரும்பி வந்து இன்னொரு தாளை உயர்த்தினாள்.

"தெரியேல்லை! கீழ்ப்பக்கம் அப்பிக்கிடக்குது!"

மறுபடி உள்ளே ஓட்டம். மறுபடி ஒரு தாள்.

"இன்னும் தெரியேல்லை மகள்! கழுத்து மட்டும்தான் தெரியுது!"

ஊரெல்லாம் மகளைப் புகழ்ந்து திரிந்த அதே வாய் இப்படிக் கத்துவதைக் கேட்டு ஒழுங்கைப் பெண்கள் வேலியால் எட்டிப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு நசீறா வெளியே வந்துவிட்டாள்.

"என்ன காக்கா, கண்ணில வெள்ளை விழுந்திட்டுதோ? ஆஸ்பத்திரிக்குப் போங்கோவன்."

"என்ட கண்ணுக்கு ஒண்டுமில்ல நசீறா. என்ட மகள் இலக்கம் செய்யிறாள்" என்றார் அலியார். "வழி விடு, மறைக்காத."

ளுஹர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போய்விட்டு வந்து, தொப்பியைக் கழற்றாமலே மறுபடி முருங்கையடிக்குப் போனார். அப்போது உயர்ந்தது ஒரு தாள்.

அலியார் வாயைத் திறந்தார். மூடினார். இந்த முறை அவசரப்படக்கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். மற்றக் கண்ணையும் மூடிப் பார்த்தார்.

தடித்த ஒற்றைத் தண்டு சாய்ந்து இறங்கி, அடியில் பாதத்தை விரித்து, ஒழுங்கையின் அந்த முனையில் ஒரு பெருக்க மரம் நின்றது. அதன் ஒற்றைக் கிளை இடப்பக்கம் நீண்டிருந்தது.

"ஏழு!" என்றார். கத்தவில்லை, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒழுங்கை நெடுக ஓடினார். "ஏழு மகள், ஏழு! பாதம்கூடத் தெரியுது!"

பஸ்மினா தாளைப் பிடித்தபடியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். முகம் முழுக்க வேர்வை. வாப்பா எத்தனையோ தரம் அவளைப் புகழ்ந்திருக்கிறார். அதில் ஒன்றையும் அவள் இப்படி நம்பியதில்லை.

அதற்குப் பிறகு வீடே தொழிற்சாலையானது. பைசர் புதிய இலக்கங்களை வெட்டினான். ஸுஹறா சூடு காட்டிப் பழைய இலக்கங்களைத் துணி கிழியாமல் உரித்தெடுத்தாள். சூட்டு அச்சில் ஏறி இறங்கிய ஒவ்வொரு ஜேர்சியையும் அலியார் குளிப்பாட்டிய பிள்ளையைத் துவாயில் ஏந்துவதுபோல் இரண்டு கையாலும் வாங்கி மடித்தார்.

ஏழாம் இலக்கம் சூடாக வெளியே வந்தபோது ஸுஹறா அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள்.

"அ, ஆ எல்லாம் ஏற்கெனவே இருக்குது எண்டு சொன்னனான்தான்" என்றாள், பஸ்மினாவைப் பார்க்காமல். "ஒரு ஏழு இப்பிடியும் நிக்கும் எண்டு எனக்கு ஆர் சொன்னது?"

பஸ்மினா உம்மாவின் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "போடி, வேலையைப் பார்" என்றாள் ஸுஹறா. ஆனால் தோளை எடுக்கவில்லை.

மன்னார் மைதானம் நிறைந்திருந்தது. எல்லைக்கோட்டை ஒட்டி லொறியை நிறுத்தி, முன் ஆசனத்தில் ஸுஹறாவையும் பஸ்மினாவையும் இருத்திவிட்டு, அலியார் மிதிபலகையில் ஏறி நின்றுகொண்டார். பைசர் கதவில் சாய்ந்து நின்றான்.

ரெஃப்ரி அடம்பன்காரர், கண்டிப்பான மனுஷன். மறுபடி ஒரு ஜேர்சியைக் கோல் கம்பத்தில் தொங்கவிட்டு நடுக்கோட்டுக்கு நடந்தார். அவர் நடந்த நடையில் அலியாருக்கு உயிர் போய் வந்தது. நடுக்கோட்டில் நின்று திரும்பினார். இடுப்பில் கை வைத்துப் பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

அப்துல் றசாக் லொறியடிக்கு வந்தார். "ம்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த 'ம்' வருவதே பெரிய காரியம். பிறகு ஜன்னல் பக்கம் குனிந்து, "வடிவா இருக்குது மகள்" என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

பொடியன்கள் இறங்கினார்கள். பச்சை முதுகுகள் வெயிலில் அசைந்தன. ஒவ்வொரு முதுகிலும் ஒரு வெள்ளை இலக்கம் கால் பதித்து நின்றது. ஓடினாலும் நின்றது, விழுந்து எழும்பினாலும் நின்றது. அலியார் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. முதுகுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எதிரணி சிலாவத்துறைக் கடலோசைக் கழகம், லேசுப்பட்ட அணியில்லை. இரண்டாம் பாதியில் ஆட்டம் சூடேறியது. தூரத்து மூலையில் எங்கள் பொடியன் ஒருவன் எதிராளியின் காலைத் தட்டிவிட்டான். நான்கைந்து பச்சை ஜேர்சிகள் ஒன்றாகக் குவிந்து நின்றன. ரெஃப்ரி நடுமைதானத்திலிருந்தே விசில் ஊதி, கையை நீட்டினார்.

"ஏழு!"

மஞ்சள் அட்டை உயர்ந்தது. பசுந்தீவு ஆதரவாளர்கள் "ஹூ" என்று ஊளையிட்டார்கள். தண்ணீர்ப் போத்தல் ஒன்று பறந்தது.

அந்தக் கூச்சலுக்குள் ஒரே ஒரு ஆள் லொறியின் மிதிபலகையில் நின்று கை தட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தீங்களோ? அங்க நிண்டு பாத்தவர்! ஏழு எண்டு அங்க நிண்டே சொல்லிப்போட்டார்!" என்று அலியார் கூவினார். "என்ட மகள்ட ஏழு!"

ஊரே திரும்பிப் பார்த்தது. சொந்த அணிக்கு மஞ்சள் அட்டை காட்டியதற்குக் கை தட்டிய மனுஷனை மன்னார் அன்றுதான் முதல்முதல் கண்டது. ஸுஹறா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். பஸ்மினாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வாப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தவள், பிறகு கையை எடுத்துக்கொண்டு, கொஞ்சம் தட்டட்டும் என்று விட்டுவிட்டாள்.

பெருமையில் நெஞ்சு விம்ம, அலியார் மைதானத்தைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். எதிர்ப்பக்கத்தில் அந்த நேரம்தான் சிலாவத்துறைக்காரர்கள் ஒரு பெரிய பனரை விரித்துப் பிடித்தார்கள். 'கடலோசையே வா, வாகை சூட வா!' தடித்த தண்டுகள், விரிந்த பாதங்கள், முனையில் சின்னச் சுருள்.

"அல்லாஹ்! மகள், அங்க பார்!" என்றார் அலியார். "எதிராளியும் உன்ட எழுத்திலதான் அடிச்சிருக்கிறான்! கடல் தாண்டிப் போயிட்டுது உன்ட பேர்!"

பஸ்மினா எட்டிப் பார்த்தாள். பெருமை அவள் முகத்திலும் ஒரு கணம் வந்தது. பிறகு புருவம் சுருங்கியது.

"வாப்பா, அந்த எழுத்தை நான் இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லையே."

பனரின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நீல முக்காட்டுப் பெண்ணொருத்தி நின்றாள். அவள் லொறியின் பக்கம் பார்த்து மெதுவாகக் கையசைத்தாள். அந்தப் பக்கத்தில் அலியாருக்கோ பஸ்மினாவுக்கோ தெரிந்தவர்கள் எவருமில்லை.

ஸுஹறா முக்காட்டை விலக்கினாள். மூக்கை ஒருதரம் உறிஞ்சினாள். கதவடியிலிருந்து அத்தர் வாசம் வந்தது.

மூன்று பேரும் பைசரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் கண்ணெடுக்காமல் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பந்து வெளியே போய், அதை எடுத்துவர ஆள் போய் வெகு நேரமாகியிருந்தது.